பாகம் மாற்றுவதா, பெட்டியையே மாற்றுவதா?

கடைக் கம்ப்யூட்டர் பற்றி ஒரு பாடம்



2025 தீபாவளி வியாபாரம் முடிந்ததிலிருந்து நம் உறுப்பினர்கள் பலர் ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறார்கள். "கடையில் இருக்கிற கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது. பில் வருகிறது, ஜி.எஸ்.டி. கணக்கும் போகிறது. ஆனால் விண்டோஸ் 10 முடிந்துவிட்டதாம். இந்தப் பெட்டி விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை என்று திரையிலேயே எழுதிக் காட்டுகிறது. ஏதாவது பாகம் போட்டுச் சமாளிக்கலாமா, புதிதே வாங்கிவிடலாமா?"

சர்வீஸ் செய்யும் தம்பியைக் கேட்டால் "மெமரி போட்டால் போதும், அண்ணே" என்கிறார். கம்ப்யூட்டர் விற்பவரைக் கேட்டால் புதிய மாடலின் விலைப்பட்டியலை நீட்டுகிறார். கல்லூரியில் படிக்கும் மகனைக் கேட்டால் "இதைத் தூக்கிப் போடுங்கப்பா" என்கிறான். மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எது நம் கடைக்கு உண்மை என்று நாமே பார்த்துத் தெரிந்துகொள்ளும் வழியைச் சொல்வதுதான் இந்தப் பாடம்.

லாரி வைத்திருக்கும் அன்பர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. டயர் தேய்ந்தால் டயர் மாற்றுவார்கள். கிளட்ச் போனால் கிளட்ச் போடுவார்கள். எஞ்சினைக்கூட இறக்கி வேலை பார்ப்பார்கள். சேஸிஸ் வளைந்துவிட்டால் மட்டும் அதன்மேல் ஒரு ரூபாயும் போடமாட்டார்கள். கம்ப்யூட்டரில் சேஸிஸ் என்பது மதர்போர்டு. மற்ற எல்லாப் பாகமும் அதில்தான் பூட்டப்படுகிறது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

பாகம் மாற்றியவர்கள் எத்தனை பேர்?

1990-களில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வணிகர்களிடம் கேட்டுப் பாருங்கள். பிராண்டு பெட்டி வாங்க முடியாதவர்கள் சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய 'அசெம்பிள்டு' பெட்டியை வாங்கினார்கள். விற்பவர் தவறாமல் ஒரு வாக்கியம் சொல்வார்: "இப்போதைக்கு இது போதும் சார், பின்னால் பெரிதாக்கிக் கொள்ளலாம்." அந்த வாக்கியத்தை நம்பி, தேவைக்கு மேலான கேபினெட்டும் கூடுதல் சொருகுவாய்கள் உள்ள போர்டும் வாங்கியவர்கள் உண்டு.

சொன்னதில் பொய் இல்லை. இன்டெல் நிறுவனமே 1992 முதல் 'ஓவர்டிரைவ்' என்ற பெயரில் ஒரு பிராசசரை விற்றது. பழைய 486 பெட்டியில் இதைச் சொருகினால் வேகம் கூடும். ஆனால் நம் ஊர்ப் பக்கம் அதை வாங்கிப் போட்ட கடைக்காரரை நான் பார்த்ததே இல்லை. பெட்டி மந்தமாகிறது என்று உரிமையாளர் உணர்வதற்கே மூன்று நான்கு வருடம் ஆகும். அதற்குள் பிராசசரின் அமைப்பே மாறிவிடும். 1997-ல் பென்டியம்-2 வந்தபோது அது தட்டையாக இருக்கவில்லை. ஒரு அட்டைப்பெட்டி போல நிமிர்ந்து நின்றது. பழைய போர்டில் அதற்கு இடமே கிடையாது. பிராசசர் வேண்டுமென்றால் போர்டு வேண்டும். போர்டு மாறினால் மெமரி மாறவேண்டும். மூன்றும் மாறினால் மிச்சம் இருப்பது தகர டப்பாதான்.

உண்மையில் நடந்தது வேறு. 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்தது. 4 எம்.பி. மெமரி இருந்தால் ஓடும் என்றார்கள். ஓடியது, மாட்டு வண்டி போல. 8 எம்.பி. ஆக்கினால்தான் மூச்சு விட்டது. எனவே மெமரி போட்டார்கள். அடுத்து 1999-ல் இரண்டாயிரமாண்டுக் கோளாறு என்ற பயம் வந்தது. வருடத்தை இரண்டு இலக்கத்தில் எழுதிப் பழகிய மென்பொருள்கள் 2000-ஐ 1900 என்று எண்ணிவிடும் என்ற பயம் அது. அப்போது பெட்டியையே மாற்றினார்கள். சாதாரண உபயோகிப்பாளரின் சரித்திரம் அவ்வளவுதான்: வாழ்நாளில் ஒருமுறை மெமரி, அடுத்தது புதுப்பெட்டி. அந்தப் புதுப்பெட்டியும் பழையது தேய்ந்ததால் வாங்கியது அல்ல. வெளியிலிருந்து ஒரு கட்டாயம் வந்ததால் வாங்கியது.

அதன் பிறகும் இதே கதைதான். விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரலில் ஆதரவு நின்றது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. அதுவரை பில்புக்கை மட்டுமே நம்பியிருந்த கடைகளிலும் கம்ப்யூட்டர் ஏறியது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியில் ஆதரவு நின்றது. அப்போதும் விடாப்பிடியாக வைத்திருந்தவர்களை 2023 பிப்ரவரியில் குரோம் பிரவுசர் கைவிட்டது. ஒவ்வொரு முறையும் கட்டாயம் வந்த வாரத்தில் ஓடிப்போய், சொன்ன விலைக்கு வாங்கினோம். சரக்கு வாங்கும்போது பத்து பைசாவுக்குப் பேரம் பேசும் நாம், இதில் மட்டும் கடைசி நாளில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம்.

என் கடையில் நடந்தது

பாடம் எழுதுகிறவன் முதலில் தன் தவற்றைச் சொல்வது நியாயம். கள்ளக்குறிச்சியில் எனக்குப் பருப்பு, மளிகை மொத்த வியாபாரம். 2019 பிப்ரவரியில் கடைக் கம்ப்யூட்டர் மிகவும் மெதுவாகிவிட்டது. காலையில் பொத்தானைப் போட்டுவிட்டுப் பூஜை முடித்து வந்தாலும் திரை வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். மெமரி குறைவு என்று நானே முடிவு செய்து, கூடுதலாக 4 ஜி.பி. வாங்கிப் போட்டேன். ஒரு வாரம் வேகம் வந்தது போல இருந்தது. பணம் கொடுத்ததால் வந்த பிரமை அது.

பெட்டிக்குள் 'டக், டக்' என்று ஒரு சத்தம் அதற்கு முன்பே கேட்டுக்கொண்டிருந்தது. கடைப் பையன் இரண்டு முறை சொன்னான். நான் காதில் வாங்கவில்லை. மார்ச் இரண்டாம் வாரத்தில் ஹார்ட் டிஸ்க் நின்றுவிட்டது. பென் டிரைவில் கடைசியாக நகல் எடுத்தது ஜனவரி 31. நாற்பது நாள் கணக்கைப் பில்புக்கையும் கொள்முதல் பில்களையும் வைத்து இரண்டு பேர் உட்கார்ந்து மறுபடி ஏற்றினோம். 20-ஆம் தேதிக்குள் 3-பி தாக்கல் செய்யவேண்டிய அவசரம் வேறு. வரவேண்டிய பாக்கிகளில் சிலவற்றுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கேட்டபோது கொடுத்தவர்களும் உண்டு, "அப்படியா?" என்றவர்களும் உண்டு.

நான் செலவு செய்யாமல் இல்லை. தவறான பாகத்துக்குச் செலவு செய்தேன். இரண்டு நிமிடம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

எது மந்தம் என்று பார்க்கும் முறை

கடையில் கூட்டம் உள்ள நேரத்தில், பில் போடும் மென்பொருள், பிரவுசர் எல்லாம் திறந்திருக்கும்போது, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்ற மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்துங்கள். 'டாஸ்க் மேனேஜர்' என்ற பெட்டி திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்ற பக்கத்துக்குப் போனால் சி.பி.யு., மெமரி, டிஸ்க் என்று மூன்று வரைபடங்கள் தெரியும். பத்து நிமிடம் வேலை செய்துகொண்டே அதைக் கவனியுங்கள்.

டிஸ்க் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது, சி.பி.யு. 10, 20-ல் சும்மா இருக்கிறது என்றால் உங்கள் பிராசசருக்கு ஒரு குறையும் இல்லை. கல்லாவில் இருப்பவர் வேகமாகத்தான் இருக்கிறார், குடோனிலிருந்து சரக்கு எடுத்துவரும் ஆள்தான் தாமதம். மெமரி 90-ஐத் தாண்டுகிறது என்றால் மெமரி போடலாம். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மெமரி போதாதபோது விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கையே தற்காலிக மெமரியாகப் பயன்படுத்தும். அதனால் டிஸ்க்கும் சேர்ந்து முட்டும். இரண்டும் முட்டினால் இரண்டையும் கவனிக்கவேண்டும். சி.பி.யு. மட்டும் எப்போதும் 100-ல் நிற்பது கடைக் கம்ப்யூட்டரில் அபூர்வம். அப்படி நின்றால் வைரஸா, தூசி அடைத்து மின்விசிறி நின்று சூட்டில் தவிக்கிறதா என்று முதலில் பாருங்கள். அரிசி மண்டி, மாவு மில், தீவனக் கடை வைத்திருப்பவர்கள் கேபினெட்டைத் திறந்து பார்த்தால், உள்ளே உள்ள தவிட்டைக் கூட்டி ஒரு மாட்டுக்கு வைக்கலாம்.

பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தட்டு சுழல்கிறது. பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று. ஒரு முள் அங்கும் இங்கும் நகர்ந்து படிக்கிறது. ஒவ்வொரு முறை இடம் தேடுவதற்கும் ஒரு வினாடியில் சுமார் நூறில் ஒரு பங்கு நேரம் ஆகும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் விண்டோஸ் திறக்கும்போதும், கணக்கு மென்பொருள் திறக்கும்போதும் ஆயிரக்கணக்கான சிறு சிறு கோப்புகளைத் தேடவேண்டும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முள்ளும் இல்லை. எல்லாம் சிப்புதான். தேடும் நேரம் நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஹார்ட் டிஸ்க் இருந்த அதே இடத்தில் அதே கேபிளில் பூட்டலாம். மதர்போர்டை யாரும் தொடவேண்டியதில்லை.

கம்ப்யூட்டர் சரித்திரத்தில் சாதாரண ஆள் ஒரே ஒரு பாகம் மாற்றி, புதுப்பெட்டி வாங்கியது போன்ற பலனைக் கண்டது இதில் மட்டும்தான் என்பது என் அபிப்பிராயம். என் கடைப் பெட்டிக்கும் டிஸ்க் போன பிறகு எஸ்.எஸ்.டி.தான் போட்டேன். அதற்குப் பின் ஆறு வருடம் உழைத்தது.

ஒரு எச்சரிக்கை. ஹார்ட் டிஸ்க் சாகும்முன் பெரும்பாலும் சத்தம் போட்டுச் சொல்லும். எஸ்.எஸ்.டி. சொல்லாமல் கொள்ளாமல் போகக்கூடியது. எது இருந்தாலும் தினமும் கடை அடைக்கும்முன் கணக்கின் நகல் இரண்டு இடத்தில் இருக்கவேண்டும். அதில் ஒன்று கடைக்கு வெளியே இருக்கவேண்டும்.

சில்லறைக் கோளாறுகள்

பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் தேதி பழைய வருடத்துக்குப் போகிறது, வங்கித் தளமும் ஜி.எஸ்.டி. தளமும் 'பாதுகாப்பில்லை' என்று திறக்க மறுக்கின்றன என்றால், கம்ப்யூட்டர் கிழமாகிவிட்டது என்று பயப்படவேண்டாம். மதர்போர்டில் பொத்தான் போல ஒரு சிறு பேட்டரி இருக்கிறது. எண் சி.ஆர். 2032. கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். சில்லறைக் காசில் தீரும் இந்தக் கோளாறுக்காகப் பெட்டியையே எடைக்குப் போட்டவர் கதையும் உண்டு. யு.பி.எஸ். பேட்டரியும் அப்படித்தான். மின்சாரம் போனதும் கம்ப்யூட்டரும் உடனே அணைந்தால் குற்றம் கம்ப்யூட்டரில் இல்லை. 2012 மின்வெட்டுக் காலத்தைத் தாண்டி வந்த நமக்கு இதை அதிகம் விளக்கவேண்டியதில்லை. கொசுறாக ஒரு செய்தி: ஈயப் பேட்டரிக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆனது.

எந்த இடத்தில் நிறுத்துவது?

இனி, உறுப்பினர்கள் கேட்ட கேள்விக்கு வருவோம். எஸ்.எஸ்.டி. போட்டு, மெமரியும் போட்டு, பறக்கிற பெட்டியையும் விண்டோஸ் 11 ஏன் மறுக்கிறது?

விண்டோஸ் 11 வெளிவந்தது 2021 அக்டோபரில். அது வேகத்தை மட்டும் கேட்கவில்லை. பிராசசரின் தலைமுறையைக் கேட்கிறது. இன்டெல் கோர் வகையென்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பும் வேண்டும். உங்கள் பெட்டி எத்தனையாம் தலைமுறை என்று தெரிந்துகொள்வது எளிது. 'திஸ் பி.சி.' படத்தின்மேல் மவுஸின் வலப் பொத்தானை அழுத்தி 'ப்ராப்பர்ட்டீஸ்' போனால் பிராசசரின் பெயர் இருக்கும். ஐ3-7100 என்றால் சிறுகோட்டுக்குப் பின்னுள்ள 7-தான் தலைமுறை. ஐ3-8100 என்றால் எட்டு. ஐ3-10100 என்றால் பத்து. எட்டாம் தலைமுறை கடைக்கு வந்தது 2017 கடைசியில். தோராயமாக 2018-க்கு முன் வாங்கிய பெட்டி என்றால் தேறுவது கடினம்.

"அப்படியானால் 7100-ஐக் கழற்றிவிட்டு 8100-ஐப் பூட்டிவிடலாமே" என்று ஒரு அன்பர் கேட்டார். நல்ல கேள்வி. இரண்டுக்கும் அடியிலுள்ள தொடுபுள்ளிகள் 1,151-தான். சொருகுவாயின் அளவும் ஒன்றுதான். ஆனாலும் 7100-க்கான பழைய போர்டில் 8100 வேலை செய்யாது. இன்டெல் அப்படி அமைத்துவிட்டது. பழையபடி போர்டு மாற்றவேண்டும். மெமரியும் டி.டி.ஆர்.3 என்றால் டி.டி.ஆர்.4 ஆக்கவேண்டும். வெட்டுக்குழி இருக்கும் இடமே வேறு, ஒன்றில் மற்றொன்று நுழையாது. இங்கேதான் நாம் சேஸிஸைத் தொடுகிறோம். இங்கேதான் நிறுத்தவேண்டும். பிராசசர், போர்டு இரண்டுக்கும் செலவு செய்யச் சொல்லும் யோசனை எதுவானாலும், அது பழுதுபார்ப்பு அல்ல, வேறு பெயரில் புதுப்பெட்டி. அதைப் புதுப்பெட்டியின் விலையோடு, வாரண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட பெட்டி வைத்திருந்தும் 'தகுதியில்லை' என்று வந்தால் அவசரப்படவேண்டாம். பல பெட்டிகளில் டி.பி.எம். உள்ளேயே இருக்கிறது, பயோஸில் அணைத்து வைத்திருப்பார்கள். விவரம் தெரிந்தவர் ஐந்து நிமிடத்தில் போட்டுக்கொடுப்பார். காசு செலவே இல்லை.

தகுதியில்லாத பெட்டியில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றித் தருகிறோம் என்று சொல்பவர்களும் உண்டு. ஏறும், ஓடவும் செய்யும். ஆனால் அப்படிப்பட்ட பெட்டிக்குத் திருத்தங்கள் வரும் என்று உறுதி இல்லை என மைக்ரோசாப்டே சொல்லிவிட்டது. பிள்ளைகள் படம் பார்க்கும் பெட்டிக்குச் செய்துகொள்ளுங்கள். வங்கிக் கணக்கும் டிஜிட்டல் கையெழுத்தும் உள்ள பெட்டிக்கு வேண்டாம். விண்டோஸ் 10-க்கே விலை கொடுத்துத் திருத்தம் நீட்டிக்கும் வழியும் ஒன்று உண்டு. வீட்டு உபயோகிப்பாளருக்கு 2026 அக்டோபர் 13 வரை என்றும், நிறுவனங்களுக்கு ஒரு கம்ப்யூட்டருக்கு முதல் ஆண்டு 61 டாலர், அதன் பின் ஆண்டுதோறும் இருமடங்கு என்றும் அறிவித்தார்கள். இரண்டாவது ஆண்டிலேயே அது கட்டுபடியாகாது. லினக்ஸ் இலவசம்தான். ஆனால் நம்மில் பெரும்பாலோர் நம்பியிருக்கும் கணக்கு மென்பொருள்கள் விண்டோஸுக்கு எழுதப்பட்டவை.

புதுப்பெட்டியோடு வரும் செலவுகள்

புதிது வாங்குவது என்று முடிவானால், பெட்டியின் விலையோடு கணக்கு முடிவதில்லை. உங்கள் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் பின்னால் அகலமான பழைய கேபிள் இருக்கிறதா? புதிய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் அந்த வாய் இருக்காது. தனிக் கார்டோ மாற்றும் கேபிளோ வாங்கவேண்டும். எடைமேடையும் எலெக்ட்ரானிக் தராசும் இணைத்திருப்பவர்கள் அதையும் பார்த்துக்கொள்ளவேண்டும். டாஸ் காலத்தில் உள்ளூர் புரோகிராமர் எழுதிக்கொடுத்த ஃபாக்ஸ்புரோ மென்பொருளை இன்னும் வைத்திருக்கும் மண்டிகள் கவனிக்க: விண்டோஸ் 11-ல் 64 பிட் வகை மட்டுமே உண்டு. அந்தப் பழைய மென்பொருள் அதில் நேராக ஓடாது. பாக்கிதாரர் பட்டியலையும் சரக்கு இருப்பையும் பழைய பெட்டி உயிரோடு இருக்கும்போதே அச்செடுத்துக் கொள்ளுங்கள். கணக்கு மென்பொருளுக்கு லைசென்ஸ் வாங்கியவர்கள், பழைய பெட்டியிலிருந்து அதை முறைப்படி 'சரண்டர்' செய்த பிறகே புதியதில் ஏற்றவேண்டும். பழையதை விற்றுவிட்டுப் பிறகு நினைவு வந்து அலைபவர்களை வருடாவருடம் பார்க்கிறோம்.

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஒரு தொகை வைத்துப் பார்ப்போம். புதுப்பெட்டி 40,000 ரூபாய், ஜி.எஸ்.டி. 18 சதவீதம் 7,200, ஆக 47,200. சாதாரண முறையில் பதிவு செய்தவர் 7,200-ஐ உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். அவருக்கு அடக்கம் 40,000. இணக்க வரித் திட்டத்தில், அதாவது காம்போசிஷனில் இருப்பவருக்கு அந்த வரி திரும்ப வராது, அடக்கம் 47,200. ஆறு வருடம் உழைத்தால் முன்னவருக்கு வருடத்துக்கு 6,700 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. பழையதற்கு 6,000 ரூபாயில் பாகம் போட்டு மூன்று வருடம் ஓடினால் வருடத்துக்கு 2,000. பாகம்தான் லாபம். அதே 6,000 ஒரு வருடம்கூடத் தாங்காது, விண்டோஸ் கட்டாயம் காத்திருக்கிறது என்றால் அது நஷ்டம். ஆக, பாகத்தின் விலையை மட்டும் கேட்டால் போதாது. அந்தப் பாகம் எத்தனை வருடத்தை வாங்கித் தருகிறது என்று கேட்கவேண்டும். 2018-க்கு முந்திய பெட்டிக்கு அந்த வருடங்கள் மிகக் குறைவு. பிந்தியதற்கு நிறைய உண்டு.

வருமான வரியில் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் 40 சதவீதம். ஆனால் அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக உபயோகித்தால் பாதிதான் கிடைக்கும். 40,000-க்கு 16,000 கிடைக்கவேண்டியது, மார்ச்சில் வாங்கினால் 8,000 ஆகிவிடும். வாங்குவது என்று முடிவு செய்தால் அக்டோபர் பிறக்கும்முன் வாங்குங்கள். உள்ளீட்டு வரி எடுத்தவர் அந்த 7,200-க்கும் சேர்த்துத் தேய்மானம் கேட்கக்கூடாது. விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்ற அனுமான முறையில் கணக்கு காட்டுபவருக்குத் தேய்மானத்தைத் தனியே கழிக்க வழியில்லை. அவருக்கு எந்த மாதமும் ஒன்றுதான்.

விலை விஷயத்தில் ஒன்று. 2025 கடைசி மாதங்களில் மெமரி விலை உலகெங்கும் ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் பெரிய டேட்டா சென்டர்கள் சிப்புகளை மொத்தமாக வாங்கிக்கொண்டதே காரணம். ஆகவே போன வருடம் பக்கத்துக் கடைக்காரர் கொடுத்த விலையை வைத்துக்கொண்டு பேரம் பேசவேண்டாம். சேலத்தில் ஒரு விலை, இங்கே ஒரு விலை கேட்டுப் பாருங்கள்.

புதிதுக்கும் பழையதற்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. பெரிய கம்பெனிகள் கழித்துவிட்ட பெட்டிகளைத் துடைத்துச் சரிசெய்து சென்னையிலும் பெங்களூரிலும் விற்கிறார்கள். எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்டதா, பில் உண்டா, எழுத்தில் வாரண்டி உண்டா என்ற மூன்றும் தேறினால் சிறு கடைக்கு அது மோசமான முடிவல்ல. பில் இல்லாமல் மலிவாகக் கிடைப்பதை மட்டும் தொடாதீர்கள்.

மலைமேல் உள்ள கடைகளுக்கு

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் கடை வைத்திருக்கும் அன்பர்களுக்கு மேலே போட்ட கணக்கு அப்படியே பொருந்தாது. புளியும் கடுக்காயும் தேனும் வாங்கி அனுப்புகிற கடையில் பெட்டி பழுதானால், அதைத் துணியில் சுற்றிக் கச்சிராயப்பாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறக்கவேண்டும். ஒரு நாள் போய்விடும். பாகம் இல்லை, சேலத்திலிருந்து வரவேண்டும் என்றால் இன்னும் இரண்டு நாள். கீழே இருப்பவருக்கு 500 ரூபாய் வேலை, மலையில் இருப்பவருக்கு மூன்று நாள் வியாபாரம்.

அதனால் அவர்களுக்கு என் யோசனை வேறு. மேஜைக் கம்ப்யூட்டரைவிட லேப்டாப் நல்லது. அதன் பேட்டரியே யு.பி.எஸ். ஆகிவிடும். இடி மின்னல் நேரத்தில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வேலையைத் தொடரலாம். பழுதானால் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவரலாம். ஆனால் லேப்டாப்பில் பிராசசரைப் பற்றி நினைக்கவே வேண்டாம், அது போர்டோடு ஒட்டியது. மெல்லிய மாடல்கள் பலவற்றில் மெமரியும் ஒட்டியதுதான். வாங்கும்போதே "மெமரி சொருகுவாய் உண்டா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் தேவைக்கு ஒரு படி கூடுதலாகவே வாங்கிவிடுங்கள். பிறகு கூட்ட முடியாது.

2011 முதல் அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா லேப்டாப்புகள் இந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றில் பரணில் கிடக்கின்றன. பழைய ஹார்ட் டிஸ்க்கோடு திறந்தால் அழுகை வரும். ஒரு சிறு எஸ்.எஸ்.டி. போட்டால் இருப்புக் கணக்கு எழுத, விலைப்பட்டியல் அச்சடிக்க, முதன்மைப் பெட்டி கீழே போன மூன்று நாளைக்குக் கைகொடுக்க அது போதும். இன்டர்நெட்டில் இணைத்து வங்கி வேலை செய்ய மட்டும் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

பழைய பெட்டியை என்ன செய்வது?

எக்சேஞ்சில் கொடுத்தாலும் எடைக்குப் போட்டாலும், கொடுக்கும்முன் டிஸ்க்கைக் கழற்றிக்கொள்ளுங்கள். நான்கு திருகுதான். உள்ளே உங்கள் கொள்முதல் விலை இருக்கிறது. யார் யாருக்கு எவ்வளவு தள்ளுபடி கொடுத்தீர்கள் என்பது இருக்கிறது. பிரவுசர் நினைவில் வைத்த பாஸ்வேர்டுகளும் இருக்கின்றன. அழித்துவிட்டேன் என்பவர்களின் டிஸ்க்கிலிருந்து திரும்ப எடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். மின்னணுக் கழிவுக்கென்று 2022-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி இது பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போகவேண்டிய பொருள். போர்டை எரித்துச் செம்பு எடுப்பவரிடம் போகக்கூடாது. மொத்தமாகச் சேர்ந்தால் அப்படி ஒருவரை வரவழைப்பது எளிது. இதைச் சங்கத்தின் மூலம் செய்யலாமா என்று அடுத்த கூட்டத்தில் பேசலாம்.

கழற்றிய டிஸ்க்கைத் தூக்கிப் போடவேண்டாம். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குப் பதிவுகளை ஆண்டு அறிக்கைக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கவேண்டும். அதில் உள்ள கணக்கைப் புதுப்பெட்டியில் ஒருமுறை திறந்து, பழைய ஐந்தொகையும் பாக்கிப் பட்டியலும் சரியாக வருகின்றனவா என்று அச்செடுத்த தாளோடு ஒத்துப் பாருங்கள். ஒத்துவந்த பின் டிஸ்க்கைத் துணியில் சுற்றி, மேலே வருடத்தை எழுதி, அந்த வருடத்துப் பேரேட்டுக் கட்டோடு பீரோவில் வையுங்கள்.